டியூபைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறவர்களுக்கு

நான் போட்ட என் பொண்ணு படத்துக்குக் கீழ கமெண்ட்ல நடந்த கூத்தைப் பார்த்திருப்பீங்க. "மூக்குல டியூபைச் சொருகி ஏம்மா வதைக்கிறீங்க"ன்னு ஒரு அண்ணன். "பொறுமையா ஊட்டினா எந்தக் குழந்தையும் சாப்பிடும்"னு ஒரு அக்கா. ஒருத்தருக்கு நான் கொடுமைக்காரி, இன்னொருத்தருக்குச் சோம்பேறி. முதல்ல உங்களுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வாங்க.

அவளால வாயால விழுங்க முடியாது, ஆனா பசிக்கும். அதுக்குத்தான் டியூப்.

அக்காவுக்கு ஒரு விஷயம். கால் கிண்ணம் கேழ்வரகுக் கஞ்சிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். பாதி வழிஞ்சிடும். மீதி நுரையீரலுக்குப் போகும். விழுங்க முடியாத பிள்ளைகளுக்குப் புரை ஏறினா பல நேரம் இருமல்கூட வராது. அப்புறம் காய்ச்சல், நிமோனியா, ஆஸ்பத்திரி. ஸ்பூனைப் பார்த்தாலே உடம்பு விறைச்சுக்குவா. எங்கேர்ந்து வரும் பொறுமை, அவளுக்கு?

"பேலியேட்டிவ்னு சொல்லிட்டாங்களே, இனி எதுக்கு டியூப்?" இது இன்பாக்ஸ்ல, ரொம்ப அக்கறையா. பேலியேட்டிவ்னா கைகழுவறது இல்லைங்க, கடுமையான நோயில கஷ்டத்தைக் குறைச்சுப் பார்த்துக்கற சிகிச்சை. குழந்தைகளுக்கு நோய் தெரிஞ்ச நாளே அது தொடங்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. வலிக்கக் கூடாது, மூச்சு முட்டக் கூடாது, பசியில அழக் கூடாது. வலிப்பு மருந்தும் அந்த டியூப்லதான் போகுது.

கஷ்டமே இல்லைன்னா சொன்னேன்? இழுத்துப் போட்டுடுவா. திரும்பப் போடும்போது தலையை நான் பிடிக்கணும், அவ அப்பா வாசலுக்குப் போயிடுவார். குழாய் வயித்துலதான் இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் பார்த்துட்டுத்தான் பால் விடணும். வயித்துல துளை போட்டு நேரா வைக்கிற 'பெக்' குழாய் பத்தியும் தெரியும். 1980-லேயே வந்த முறை, முதல்ல செஞ்சதே ஒரு குழந்தைக்குத்தான். மயக்க மருந்தை நினைச்சுத் தயங்குறோம். கடைசில உடம்பு பாலை ஏத்துக்காம போகலாம், அப்ப குறைக்கணும், நிறுத்தவும் வேண்டி வரலாம்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. அதையும் கமெண்ட்ல கேட்டா முடிவு பண்ணுவேன்?

போன முகூர்த்தத்துல ஒரு சொந்தக்காரங்க கல்யாணம். டியூப் தெரியாம துண்டு போட்டு மூடச் சொன்னாங்க. சாப்பிடற இடமாம், பார்க்க ஒரு மாதிரி இருக்காம். அத்தனை பேர் சாப்பிடற பந்தியில என் பொண்ணு சாப்பிடறது மட்டும்தான் கண்ணை உறுத்துச்சு. துண்டை எடுத்துப் பையில வச்சேன். மடியில சாய்ச்சு சிரிஞ்ச்ல பால் விட்டேன். நாக்கு நுனியில பாயசம் தொட்டு வச்சேன், சப்புக் கொட்டினா.

இனி எந்த விசேஷத்துலயும் இப்படித்தான். பிடிக்கலைன்னா எங்க வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வராதீங்க.