பெட்டிக்குப் பூட்டு எதற்கு?

வியாழக்கிழமை எங்கள் கட்டட வேலை சைட்டில் நடந்தது இங்கே எல்லோருக்கும் தெரியும். மறுபடி கதை சொல்லப் போவதில்லை. அறுக்கும் கிரைண்டர் மெஷின் நழுவி, முன்கையில் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்த ஆளுக்குப் பத்தடி தள்ளி முதலுதவிப் பெட்டி இருந்தது. பூட்டியிருந்தது. சாவி சூப்பர்வைசரிடம். சூப்பர்வைசர் வெளியே போயிருந்தார்.

கடைசியில் ஒருவர் தன் தோள் துண்டை மடித்து வைத்து அழுத்திப் பிடித்தார். அதுதான் சரி. குறைந்தது 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும், நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. பெட்டியை அப்புறம் திறந்து பார்த்தோம். பாதிப் பஞ்சு, காலாவதியான களிம்பு, வெயிலில் பசை செத்துப்போன பிளாஸ்டர். கையுறை இல்லை, பெரிய கட்டுத்துணி இல்லை, கத்தரிக்கோல் இல்லை. பூட்டு மட்டும் நல்ல கனமான பூட்டு.

"திறந்து வைத்தால் எடுத்துப் போய்விடுவார்கள்" என்கிறார்கள். போகட்டுமே! பிளாஸ்டர் எடுத்தவனுக்கு எங்கோ காயம் பட்டிருக்கிறது, அவ்வளவுதானே? "ஆம்புலன்ஸ் வந்துவிடுமே" என்கிறார் இன்னொருவர். வரும், வரும். வரும்வரை ரத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லலாமா? "தெரியாதவன் கை வைத்தால் ஆபத்து" என்பதில் நியாயம் இருக்கிறது. குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்கப் போனவர்களை நானே தடுத்திருக்கிறேன். சரி, கற்றுக்கொடுங்கள். அதற்கும் பூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நான் சித்தாளாக இருந்தபோது சிமெண்ட் கலவை கண்ணில் தெறித்தது. ஈரச் சிமெண்டின் காரம் கண்ணையே அரித்துவிடும். மேஸ்திரி அண்ணன் என்னைத் தேய்க்க விடவில்லை. இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, 20 நிமிடம் குடிதண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் ஆஸ்பத்திரி. அந்தக் கண்ணால்தான் இதைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் கேனுக்கு அன்று யாரும் பூட்டுப் போட்டிருக்கவில்லை.

இதையே குரூப்பில் கேட்டேன். "டாக்டர் வந்துட்டாரு" என்று ஒரு பதில், அதற்குப் பதினோரு சிரிப்பு. சிரித்ததில் மூன்று பேர் வியாழக்கிழமை என்னோடு சேர்ந்து அந்த ஆளைத் தூக்கியவர்கள். அது கொஞ்சம் வலித்தது. யாரையும் வேலையை விட்டு அனுப்பச் சொன்னேனா? யார் பெயரையாவது எழுதினேனா? ஒரு பூட்டைப் பற்றித்தானே கேட்டேன்?

இன்று காலை புதுப்பெட்டி மாட்டியிருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே இருப்பதெல்லாம் நன்றாகத் தெரிகிறது. அதற்கும் பூட்டு.