கதைக்குள் ஓடிப்போகிறவர்களைக் கொஞ்சம் விடுங்கள்

பொன்னியின் செல்வன் என்றால் தஞ்சாவூர்க் கதை என்றுதான் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தொடங்குவது எங்கள் கடலூர் மாவட்டத்தில். ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, அந்த வீரநாராயண ஏரிதான் நம் வீராணம். 2004லிருந்து அதன் தண்ணீர் குழாயில் சென்னைக்குப் போகிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கதையில் செத்துவிழும் கடம்பூர் மாளிகையும் காட்டுமன்னார்கோயில் பக்கம்தான். நிஜக் கொலைக்கான கல்வெட்டு இருப்பதும் அங்கேயே, உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில். சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று கொலைகாரர்களின் பெயர்கள் வரும். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் இவர்கள் சொத்தையும் சொந்தக்காரர்கள் சொத்தையும் பறித்த விவகாரம். இன்றைக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் எழுதும் ஜப்திக் குறிப்புக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கல்கி அந்தக் குறிப்பை எடுத்து, நந்தினி என்று ஒருத்தியைத் தானாக உண்டாக்கி உள்ளே விட்டு, 1950லிருந்து 1954 வரை தமிழ்நாட்டையே வாராவாரம் காத்திருக்க வைத்தார்.

இதை இப்போது எழுதக் காரணம், புதுச்சேரியில் நடந்த ஒரு புத்தகக் கூட்டம். பேசியவர் படித்தவர், நன்றாகவே பேசினார். நடுவில், ராஜா ராணிக் கதையும் மாயாஜாலக் கதையும் படிக்கிறவர்கள் நிஜத்தை நேருக்கு நேர் பார்க்கத் தெம்பில்லாமல் ஓடுகிறவர்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி சொன்னார். கைதட்டல். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் மடியிலிருந்த புத்தகத்தை மெதுவாகப் பைக்குள் தள்ளினாள். டிராகன் போட்ட அட்டை. எனக்கு அந்த வரியைவிட அவள் கையின் அந்த அசைவுதான் எரிச்சலைக் கிளப்பியது.

நிஜத்தைப் பார்க்கத் தெம்பில்லாதவர்கள் யார் என்று நான் சொல்கிறேன். என் பெரியம்மாவுக்குப் பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பு. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. தாத்தா நட்ட மரங்கள் வேரோடு படுத்துக்கிடந்தன. பலா மரமும் போச்சு. பொங்கல் கழிந்தும் ஊரில் கரண்ட் இல்லை. பகலில் பெரியம்மா நிவாரணக் கணக்கெடுப்புக்கு வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலில் நின்றார், விழுந்த மரத்தை விறகுக்கு விலைபேச வந்தவர்களோடு மல்லுக்கட்டினார், கிணற்றில் விழுந்த கிளைகளை ஆள் வைத்து எடுத்தார். ராத்திரி சிம்னி விளக்கு வெளிச்சத்தில் சாண்டில்யனின் கடல் புறா படித்தார். குமுதத்தில் வந்ததைக் கிழித்து பைண்டு செய்த பழைய புத்தகம், ஓவியர் லதா வரைந்த படங்களோடு. மூலைகளை எலி கடித்திருக்கும், அட்டையில் யாரோ எழுதிய மளிகைக் கணக்கு இருக்கும். கருணாகரத் தொண்டைமான் கப்பலைத் திருப்பும் இடத்தில் விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வார்.

"இந்த நேரத்துல கதைப் புஸ்தகமா?" என்று பெரியப்பா ஒருநாள் கேட்டுவிட்டார்.

"பகலெல்லாம் வுழுந்த மரத்தையே பாத்துக்கினு கெடக்கறேன். ராவுலயும் அதையேவா பாக்கணும்?"

பெரியப்பா அதற்குமேல் பேசவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலில் முதல் ஆளாக நின்றவர் பெரியம்மாதான். ஓடிப்போனவர் என்று அவரைச் சொல்ல எனக்கு வாய் வராது.

இந்தச் சண்டை தமிழில் மட்டும் நடப்பதும் இல்லை, புதிதும் இல்லை. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் எழுதிய டோல்கீன் 1939ல் ஸ்காட்லாந்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். சிறையில் கிடப்பவன் வெளியே போக நினைப்பதும் போர்க்களத்திலிருந்து சிப்பாய் ஓடுவதும் ஒன்றில்லை, விமர்சகர்கள் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள் என்பது அவர் வாதம். சொன்னவர் முதல் உலகப் போரில், 1916ல், சோம் போர்முனைப் பதுங்குகுழிகளில் நின்ற ஆள். போரைப் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்து குள்ளர்களைக் கனவு கண்டவர் இல்லை.

அதற்காகக் கற்பனைக் கதை எல்லாமே நல்லது என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் என் தோழிகளே என்னை நம்பமாட்டார்கள், நான் எதையெல்லாம் பாதியில் மூடி வைத்திருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் பெண்கள் பக்கம் ஒருதரம் கண்ணை ஓட்டினால் போதும். ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் பாதிப் பேர் போனில் சைட் நாவலுக்குள், அதாவது இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வரும் தொடர்கதைக்குள், இருப்பார்கள். "அடுத்த யூடி எப்போ சிஸ்?" என்று அடுத்த அத்தியாயம் கேட்டுக் கமெண்ட் போட்டுவிட்டுத்தான் தவளக்குப்பத்தில் இறங்குவார்கள். நானும் படிக்கிறவள்தான், மேலேயிருந்து குனிந்து பேசவில்லை. அங்கே எழுதுகிற சில பெண்களுக்கு வசனம் வருகிற மாதிரி பெரிய பத்திரிகை எழுத்தாளர்கள் பலருக்கு வராது. மாமியாரும் மருமகளும் சமையல்கட்டில் பேசாமலே சண்டை போடும் ஒரு காட்சியைப் போன மாதம் படித்தேன். தோசைக் கரண்டி வைக்கும் சத்தத்திலேயே முழுச் சண்டையும் முடிந்துவிட்டது.

ஆனால் ஆன்டி ஹீரோ கதைகளில்தான் எனக்குத் தகராறு. ஹீரோவுக்கு ஆயிரம் கோடி சொத்து. ஹீரோயினைப் பிடிக்காமல் போய் கட்டாயத் தாலி கட்டுவான், நாற்பது அத்தியாயம் அழவைப்பான், நாற்பத்தொன்றாவது அத்தியாயத்தில் அவனுக்குச் சின்ன வயதில் நடந்த ஒரு சோகம் வெளியே வரும், அவள் மன்னிப்பாள், இரட்டைக் குழந்தை, சுபம். இதைக் கற்பனை உலகம் என்கிறார்கள். எங்கே கற்பனை? இது பக்கத்துத் தெருவில் நடக்கிறது, பங்களாவும் காரும் இல்லாமல். அடிக்கிற புருஷனை மன்னித்துவிடு என்று நிஜத்தில் சித்தி சொல்கிறாள், பஞ்சாயத்தில் சொல்கிறார்கள், கதையும் அதையே சொன்னால் பஸ் டிக்கெட் வாங்கி அதே ஸ்டாப்பில் இறங்கியதாகத்தானே அர்த்தம்? ரொம்பக் கற்பனை என்பதால் எனக்கு இவை பிடிக்காமல் போகவில்லை. கற்பனை பற்றாமல்தான் பிடிக்கவில்லை.

இதிலும் ஒரு வேடிக்கை. கட்டாயத் தாலி இன்றைய கண்டுபிடிப்பு கிடையாது. அல்லி அரசாணி மாலை தெரியுமா? திருவிழாக் கடையில் பெரிய எழுத்துப் புத்தகமாக விற்பார்கள். மதுரையை ஆளும் அல்லிக்கு ஆண்வாடையே ஆகாது. அர்ச்சுனன் கிருஷ்ணன் தயவில் பாம்பாக உருமாறி அவள் அறைக்குள் புகுந்து தூங்கும்போது தாலி கட்டிவிடுவான். இன்றைய சைட் நாவல் முதல் அத்தியாயம் அச்சு அசலாக. ஆனால் அல்லி விஷயம் தெரிந்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிற ரகம் இல்லை. இந்தப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த கிழவிகள் அல்லியைப் பற்றிப் பேசும்போது அவர்கள் குரலே ஒரு கட்டை ஏறும். கதையில் கடைசியில் யார் ஜெயித்தார்கள் என்பது அவர்களுக்கு ரெண்டாம்பட்சம். ஒரு பொம்பளை ஊரை ஆண்டாள், அதைச் சொல்வதில்தான் அவர்களுக்கு ருசி.

சாண்டில்யனிடமும் இதே கணக்குதான் பார்க்கிறேன். கதாநாயகி அறிமுகமாகும் பக்கங்களை நான் இப்போது வேகமாகத் தள்ளிவிடுகிறேன், இடுப்பில் ஆரம்பித்தால் மனிதர் லேசில் முடிக்கமாட்டார். ஆனால் கடலும் கப்பலும் காற்றின் திசையும் வந்துவிட்டால் அவர் வேறு ஆள். யவன ராணியை வாசித்துவிட்டு, அதன் சூட்டோடு சூடாகப் பழைய துறைமுகமான அரிக்கமேட்டுக்குப் போனேன். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் மாந்தோப்பு, இடிந்த செங்கல் சுவர், ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர். அந்தச் சுவருக்கும் யவனருக்கும் சம்பந்தமே கிடையாது, பதினெட்டாம் நூற்றாண்டில் பாதிரிமார்கள் கட்டியதன் மிச்சம் அது. 1945ல் மார்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலிய மட்பாண்டங்களும் ஒயின் ஜாடித் துண்டுகளும் கிடைத்தன. அவற்றை வைத்துத்தான் ரோமானியரோடு இங்கே வியாபாரம் நடந்த காலத்தைக் கணித்தார்கள். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். மண் நிறத்தில் ஒரு ஜாடியின் அடிப்பாகம், கூராக, ஒரு பெரிய கேரட் மாதிரி. தரையில் நிற்காத ஜாடியை எதற்குச் செய்தார்கள் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். கப்பல் அடித்தளத்தில் சாய்த்து அடுக்குவதற்கு வசதி. நாவல் படிக்காமல் போயிருந்தால் அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் கடந்து அடுத்த அறைக்குப் போயிருப்பேன்.

சரி, பெரியவர்கள் கதை இருக்கட்டும். எனக்கு உண்மையான கவலை பிள்ளைகள் விஷயத்தில். என் அக்கா மகள் எட்டாவது படிக்கிறாள். மந்திரப் பள்ளிக்கூடம், கிரேக்கத் தேவர்களின் பிள்ளைகள், டிராகன் என்று ஆங்கிலத்தில் தலையணை தலையணையாகப் படித்துத் தள்ளுகிறாள். தமிழில் அதே மாதிரி ஏதாவது கொடு சித்தி என்றாள். எனக்குச் சட்டென்று கை நீட்ட ஒன்று அகப்படவில்லை. நான் வளர்ந்தபோது அம்புலிமாமா இருந்தது. 1947ல் ஆரம்பித்த பத்திரிகை. வேதாளத்தை முதுகில் போட்டுக்கொண்டு கத்தியோடு நடக்கும் விக்கிரமாதித்தனை சங்கர் வரைந்த அந்தப் படம் ஒன்றுக்காகவே வாங்கலாம். 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு கிளம்பியது. கரண்ட் ஷாக் அடித்தால் மறைந்துபோகும் மனிதன், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். என் மாமா அதைப் படித்துவிட்டு ஸ்விட்ச் போர்டு பக்கம் போய்ப் பாட்டியிடம் வாங்கிய அடி குடும்பத்தில் பிரசித்தம். அப்புறம் சுஜாதாவின் என் இனிய இயந்திரா, ஜீனோ என்ற இயந்திர நாய். அதை அவளுக்குக் கொடுத்தேன், ஒரே மூச்சில் முடித்துவிட்டு "அடுத்தது?" என்று நின்றாள். மீண்டும் ஜீனோ கொடுத்தேன். அதுவும் முடிந்தது. இப்போது மறுபடியும் என் முகத்தைப் பார்க்கிறாள்.

வேதாளம், மோகினி, ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிர், படுகளத்தில் எழுந்து உட்காரும் வீரர்கள், எல்லைச்சாமியின் மண் குதிரை. கச்சாப் பொருளுக்கா நம்மிடம் பஞ்சம்? இந்திரா சௌந்தர்ராஜன் மாதிரி சிலர் அந்தப் பக்கம் கை வைத்தபோது ஜனங்கள் எப்படி மொய்த்தார்கள் என்பது டிவியில் மர்மதேசம் ஓடிய நாட்களில் தெருவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தடிதடியாக, வரைபடத்தோடு, ஐந்து பாகம் வருகிற மாதிரித் தமிழ் மாயநாவல் எழுத ஒருவருக்கு ஏன் தைரியம் வரவில்லை? எழுதினால் ‘இலக்கியவாதி’ பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்களோ என்ற பயம் அதில் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்தப் பயத்தை ஊட்டுவது மேடையில் போகிறபோக்கில் விழுகிற அந்த மாதிரி வரிகள்தான்.

அந்தப் பட்டியலையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். புதுமைப்பித்தன் பிறந்தது 1906ல் எங்கள் திருப்பாதிரிப்புலியூரில். யதார்த்தம் என்றால் முதலில் சொல்லும் பெயர். அவர்தான் கடவுளைச் சென்னைக்குக் கூட்டிவந்து கந்தசாமிப் பிள்ளையோடு காபி குடிக்க வைத்தவர்.

பாரதி இன்னும் ஒரு படி மேலே. 1908ல் வெள்ளைக்காரனிடம் மாட்டாமல் இருக்கப் புதுச்சேரிக்கு வந்தார். பிரெஞ்சு எல்லை, வாசலில் உளவாளிகள், பத்திரிகை நின்றுபோய்க் கையில் காசில்லாத நாட்கள். 1918ல் எல்லை தாண்டியதும் பிடித்துக் கடலூர்ச் சிறையில் போட்டார்கள். அந்த மனிதர் இந்தப் பத்து வருஷத்தில் நிஜத்தைப் பார்க்கவில்லை என்று எந்தப் பேச்சாளராவது சொல்லட்டும். அந்தக் காலத்தில்தான், 1910ல், அவருடைய ஞானரதம் புத்தகமாக வந்தது. திருவல்லிக்கேணி வீட்டு மாடியில் படுத்திருப்பவர் ரதத்தில் ஏறி வேறு வேறு லோகங்களுக்குப் போகும் கதை. முதலில் போவது உபசாந்தி லோகத்துக்கு, அங்கே கவலை கிடையாது. ஆனால் மனத்தை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய முடியும், மனம் மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிறது. சரி என்று ரதத்தைக் கந்தர்வ லோகத்துக்குத் திருப்புகிறார். தப்பித்துப் போவதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று அவ்வளவு யோசித்த புத்தகம் அது, கூடவே சிரிப்பும் உண்டு.

குயில் பாட்டு எழுதியதும் புதுச்சேரியில்தான். மாந்தோப்பு, காதலிக்கிற குயில், நடுவில் ஒரு குரங்கு, ஒரு மாடு. பேசும் மிருகங்கள், முற்பிறவி, சாபம், மாயம் எல்லாம் இருக்கிறது. இன்றைக்கு யாராவது புதிதாக எழுதிக் கொண்டுவந்தால் சிறுவர் ஸ்டாலில் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அக்கா மகளுக்கு இந்த லீவில் குயில் பாட்டைத்தான் முதலில் கொடுக்கப்போகிறேன், ஞானரதத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் போகட்டும். உங்கள் வீட்டிலும் அந்த வயதில் யாராவது இருந்தால், மனிதனைவிட நீதான் உசத்தி என்று குயில் குரங்குக்கு ஐஸ் வைக்கும் இடத்தை மட்டும் நீங்களே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வாலைப் பற்றிப் பேச்சு வரும்போது கொஞ்சம் நிறுத்தி நிதானமாக.