படத்தில் இருப்பது மஞ்சள் கரிசலாங்கண்ணி அல்ல

மஞ்சள் கரிசலாங்கண்ணியின் மருத்துவக் குணங்களை உங்கள் பதிவில் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உடன் போட்டிருக்கும் படம் வேறு செடி. அதை உடனே மாற்றுங்கள். படத்தை நம்பிப் பறித்துச் சமைப்பவர்கள் இருக்கிறார்கள்.

படத்தில் இலையைப் பாருங்கள்: தடித்து, பளபளவென்று, நுனிப் பக்கம் மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட படர்செடி. உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இதுவும் உண்டு. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பட்டணங்கால் கால்வாய்க் கரையிலும் ரப்பர் தோட்டத்து ஓரங்களிலும் பாய் விரித்ததுபோல் கிடக்கிறது. தண்டு மண்ணைத் தொடும் கணுவெல்லாம் வேர் விடும். வெட்டி எறிந்த துண்டுகூட ஈரம் கண்டால் முளைத்துவிடும்.

நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியும் அதே பேரினம்தான், சூரியகாந்திக் குடும்பம்தான். அதனால்தான் இந்தக் குழப்பம். ஆனால் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், மூன்றாகப் பிரியாது. நீண்ட காம்பில் ஒற்றைப் பூ நிற்பது இரண்டிலும் உண்டு. வள்ளலார் போற்றிய கீரை கரிசலாங்கண்ணி.

என் அம்மா வயல் வரப்பில் இதைக் கிள்ளி வந்து பருப்போடு கடைவார். அந்த வரப்பில் இன்று தென்னை நிற்கிறது, அடியில் முழுக்க அந்த மூவிலைக் கொடி. சென்ற மாதம் குளக்கரை ஒன்றில் நாலைந்து மஞ்சள் கரிசலாங்கண்ணிச் செடிகளைப் பார்த்தேன். ஒரு கணுவை எடுத்துவந்து தொட்டியில் நட்டிருக்கிறேன், துளிர் விட்டிருக்கிறது. வேண்டுமானால் அதைப் படமெடுத்து அனுப்புகிறேன்.