பழைய போனில் லினக்ஸ்: கட்டுரை சொல்லாதது

அப்டேட் நின்றுபோன போனில் லினக்ஸ் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எந்த போன் என்று சொல்ல வேண்டாமா? 2018-இல் வந்த ஒன்பிளஸ் 6-இல் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் (ஆல்பைன் லினக்ஸை வைத்துப் போன்களுக்காகச் செய்த சிஸ்டம்) நன்றாகவே ஓடுகிறது. அதிலுள்ள ஸ்னாப்டிராகன் 845 சிப்புக்கு மெயின்லைன் கெர்னலிலேயே, அதாவது லினக்ஸின் அதிகாரப்பூர்வ மையப் பகுதியிலேயே, ஆதரவு உண்டு. ஆனால் கேமரா சரியாக வேலை செய்யும் என்று மட்டும் நம்பி இறங்காதீர்கள். அது முக்கியம் என்றால் உபுண்டு டச் என்ற இன்னொரு லினக்ஸ் போன் சிஸ்டத்தைப் பாருங்கள். ஹாலியம் என்ற இணைப்பு அடுக்கு வழியாக, போனின் பாகங்களை இயக்கும் ஆண்ட்ராய்டு டிரைவர்களையே அது எடுத்துக்கொள்ளும். கூடவே பழைய கெர்னலும் ஒட்டிக்கொண்டு வரும், அது வேறு தலைவலி.

லினக்ஸ் போட, போன் ஆன் ஆனதும் சிஸ்டத்தை ஏற்றும் பூட்லோடரின் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தாலே போட்டோ, காண்டாக்ட் எல்லாம் காலி. முதலில் பேக்கப் எடுங்கள். சில கம்பெனிகள் திறக்கவே விடாது. யுபிஐ, பேங்க் ஆப்களை மறந்துவிடுங்கள். லினக்ஸுக்குள் ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட்டும் வேடிராய்டு போட்டாலும் பெரும்பாலும் மக்கர்தான்.

என் கருத்தில் இது இரண்டாவது போனுக்குத்தான் சரி. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போட்ட போனை யூஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு செருகி, போனின் முகவரியான 172.16.42.1-க்கு எஸ்எஸ்ஹெச் (வேறொரு கம்ப்யூட்டருக்குள் நுழைந்து கட்டளை தரும் வழி) அடித்தால், கட்டளை கேட்கும் ஆல்பைன் லினக்ஸ் பிராம்ப்ட் வந்து நிற்கும். வீட்டுக்கு ஒரு குட்டி சர்வர் ரெடி. எந்நேரமும் சார்ஜில் கிடந்தால் பேட்டரி உப்பும், அதையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.