வாசிப்புக் கணக்கு எழுதுகிறவரைக் கேலி செய்யாதீர்கள்

நேற்று நம் வாசகர் குழுவில் நடந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒருவர் தன் வாசிப்பு நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டார். "இதென்ன மளிகைக் கணக்கா?" என்று ஒருவர் கேட்டார். "உண்மையான வாசகன் எண்ணிக்கொண்டிருக்க மாட்டான்" என்று இன்னொருவர் ஒத்து ஊதினார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். ராத்திரிக்குள் அவர் பதிவையே எடுத்துவிட்டார்.

சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தீர்கள்? பென்சிலால் கோடு போட்ட ஏழு பத்திகள். வரிசை எண், தலைப்பு, ஆசிரியர், பதிப்பு ஆண்டு, தொடங்கிய தேதி, முடித்த தேதி, கடைசியில் குறுகலாக 'இடம்', அதாவது புத்தகம் இப்போது எங்கே இருக்கிறது என்பது. ஆசிரியர் பத்தியில் பெயரை முதலில் எழுதி, தலைப்பெழுத்தைப் பின்னால் போட்டிருந்தார். ஒரு வரியில் முடித்த தேதி இல்லை. அந்த இடத்தில் "ப. 112, நிறுத்தினேன், மொழிபெயர்ப்பு ஓடவில்லை" என்று இருந்தது. இன்னொரு வரியில் தலைப்புக்குப் பக்கத்தில் சின்னதாக "41 பார்க்க" என்று ஒரு குறிப்பு. அதே புத்தகத்தை முன்பு படித்தபோது எழுதிய வரியின் எண் அது. இவ்வளவு யோசித்து வகுத்த பக்கத்தைப் பார்த்து எப்படிச் சிரிக்க மனசு வந்தது?

ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். படித்ததை எழுதி வைப்பதும் வாசிப்பில் சேர்ந்ததுதான்.

"உண்மையான வாசகன்" என்கிறீர்களே, சார்லஸ் டார்வின் 1838 முதல் 1860 வரை வாசிப்பு நோட்டு வைத்திருந்தார். படிக்க வேண்டியவை தனியாக, படித்தவை தனியாக. பாடகர் ஆர்ட் கார்ஃபங்கல் 1968 முதல் தான் படித்த புத்தகங்களை வரிசையாக எழுதி, அந்தப் பட்டியலைத் தன் வலைத்தளத்திலேயே போட்டிருக்கிறார். இவர்கள் எல்லாம் போலி வாசகர்களா? நம்முடைய நூலகவியல் அறிஞர் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. ஒழுங்கான கணக்கு இல்லாமல் யாருடைய நேரத்தையும் சேமிக்க முடியாது. நூலகத்தில் புத்தகம் வந்ததும் வரவுப் பதிவேட்டில் ஓர் எண் கொடுப்பார்கள். அதே எண்ணைப் புத்தகத்துக்குள்ளும் எழுதுவார்கள். புத்தகம் தொலைந்தாலும் அந்த எண்ணை வேறு புத்தகத்துக்குக் கொடுப்பதில்லை. அந்த நோட்டில் இருந்த வரிசை எண்ணும் அதே வேலையைத்தான் செய்கிறது.

நோட்டில் எழுதுவதற்கு ஒரு குறை உண்டு. அதை அகர வரிசையில் அடுக்க முடியாது. முந்நூறு வரி தாண்டிவிட்டால் ஒரு தலைப்பைத் தேடுவது பெரும்பாடு. அதற்காக நோட்டையே விட வேண்டியதில்லை. பின்பக்கத்திலிருந்து ஆசிரியர் அகராதி ஒன்று தொடங்குங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு பக்கம். க, ச, த, ப, ம, வ ஆகியவற்றுக்கு நான்கு பக்கமாவது ஒதுக்குங்கள், அவைதான் சீக்கிரம் நிரம்பும். அகராதியில் பெயரும் வரிசை எண்ணும் போதும், தலைப்பு வேண்டாம். தலைப்பெழுத்தைப் பின்னால் போடுவது இதற்காகத்தான். முன்னால் போட்டால் பாதிப் பேர் 'எ'னாவிலும் 'ஆ'வன்னாவிலும் போய் உட்கார்ந்துகொள்வார்கள். 'இடம்' பத்தியை மட்டும் பென்சிலால் எழுதுங்கள், அது மாறும். மற்றதெல்லாம் பேனா.

படிக்க வேண்டியவற்றின் பட்டியலை இதே பக்கங்களில் கலக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் தலைப்பு மட்டும் எழுதினால் ஆறு மாதத்தில் அது செத்துப்போகும். யார் சொன்னார்கள், எதற்காகச் சொன்னார்கள், எந்தத் தேதி என்று அரை வரி சேருங்கள். "போர்க்கால உணவுப் பஞ்சம் பற்றிக் கேட்டபோது சொன்னது" என்று இருந்தால், அந்தப் புத்தகம் இன்னும் வேண்டுமா என்று ஒரு நொடியில் முடிவு செய்யலாம். வெறும் தலைப்பாக இருந்தால் அடிக்கவும் மனம் வராது, எடுக்கவும் தோன்றாது. பட்டியல் சும்மா நீண்டுகொண்டே போகும்.

"இந்தக் காலத்தில் யாராவது கையால் எழுதுவார்களா, எக்ஸெல் இருக்கிறதே" என்று ஒருவர் அறிவுரை சொல்லியிருந்தார். நல்லது, எக்ஸெலுக்கே வருவோம். ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் சர்வதேச அடையாள எண், அதற்கான பத்தியை உரை வடிவத்துக்கு மாற்றாமல் எண்ணைத் தட்டிப் பாருங்கள். 13 இலக்கம் 9.78E+12 என்று சுருங்கிவிடும். அப்படியே சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் திரையில் தெரிகிற அந்தச் சுருக்கம்தான் கோப்பில் போகும். மீதி இலக்கங்கள் போனது போனதுதான். பழைய 10 இலக்க எண்ணாக இருந்தால் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போகும். ஆகவே எண்ணைத் தட்டும் முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' ஆக்க வேண்டும், தட்டிய பிறகு மாற்றிப் பயனில்லை. தேதியை 2024-03-05 என்ற முறையில் எழுதுங்கள். 05/03 என்று எழுதினால் ஒரு கணினி மார்ச் என்னும், இன்னொன்று மே என்னும்.

ஐஎஸ்பிஎன் எண்ணைக் கோவில் சிலை மாதிரி நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த எண் பதிப்புக்கு உரியது, படைப்புக்கு உரியது அல்ல. கெட்டி அட்டைக்கு ஒன்று, சாதா அட்டைக்கு ஒன்று. அதை மட்டும் அடையாளமாக வைத்தால் ஒரே நாவல் மூன்று புத்தகமாகப் பதிவாகும். 1970க்கு முந்தைய பதிப்புகளில் அந்த எண்ணையே எதிர்பார்க்க முடியாது. 2007 ஜனவரியிலிருந்து 13 இலக்கம். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. முதல் 12 இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். கூட்டுத்தொகை 93 வந்தால் கடைசி இலக்கம் 7. ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் இது பிடித்துவிடும். ஆனால் 1, 6 மாதிரி ஐந்து வித்தியாசமுள்ள இரண்டு இலக்கங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து இடம் மாறினால் பிடிக்காது. எண்ணைக் கையால் தட்டுகிறவர்கள் தலைப்பையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழ்த் தலைப்புகளுக்கு இன்னும் இரண்டு தொல்லைகள். 'கொ' என்பதை ஒருங்குறியில் (கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைக்கும் முறையில்) இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒற்றைக் குறியாக ொ, அல்லது ெ தனியாகவும் ா தனியாகவும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் சில நிரல்களில் தேடினால் ஒன்று அகப்படும், இன்னொன்று அகப்படாது. புத்தகம் பட்டியலிலேயே இருக்கும், இல்லை என்று பதில் வரும், நீங்களும் இன்னொரு பிரதி வாங்குவீர்கள். அடுத்தது அகர வரிசை. அந்தக் குறியெண்ணை மட்டும் வைத்து அடுக்கும் நிரலில் 'ழ'வுக்குப் பிறகுதான் 'வ' வரும். 'அவள்' என்று தொடங்கும் தலைப்பு 'அழகு'க்குக் கீழே போய்விடும். இவ்வளவு சிக்கலைத் தாண்டித்தான் கணினியில் பட்டியல் போட வேண்டியிருக்கிறது. கோடு போட்ட நோட்டில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

மறுவாசிப்பு விஷயம் எல்லாவற்றையும்விட முக்கியம். பலர் ஒரு புத்தகத்துக்கு ஒரு வரி என்று வைக்கிறார்கள். மறுபடி படிக்கும்போது பழைய தேதியை அழித்துப் புதிய தேதியைப் போட வேண்டியதாகிறது. சரியான வழி இரண்டு தாள். ஒன்றில் புத்தகங்கள், இன்னொன்றில் வாசிப்புகள். வாசிப்புத் தாளில் புத்தகத்தின் எண்ணும் தேதிகளும் குறிப்பும் இருந்தால் போதும். அந்த நோட்டில் "41 பார்க்க" என்று எழுதியவர், எந்தக் கணினிப் பாடமும் இல்லாமல் இதைக் கண்டுபிடித்திருக்கிறார். அவரைத்தான் சிரித்து விரட்டினீர்கள்.

வாசிப்புக் கணக்கு வைக்கும் செயலிகளுக்கு நான் எதிரி இல்லை. லைப்ரரிதிங் 2005இல் வந்தது, குட்ரீட்ஸ் 2007இல், ஸ்டோரிகிராஃப் 2019இல். பட்டைக்கோட்டைக் காட்டினால் அட்டைப்படம் வரை வந்துவிடுகிறது, வசதிதான். ஆனால் பட்டியல் உங்கள் கையில் இல்லை என்பதை மறக்காதீர்கள். குட்ரீட்ஸை 2013இல் அமேசான் வாங்கியது. 2020 டிசம்பரில் வெளி நிரல்கள் அதிலிருந்து தரவை எடுப்பதற்கான புதிய அனுமதிச் சாவிகள் கொடுப்பதை நிறுத்தினார்கள். அதை நம்பிச் சின்னச் சின்னக் கருவிகள் செய்தவர்கள் திண்டாடிப்போனார்கள். உங்கள் பட்டியலை வெளியே எடுக்க ஏற்றுமதி வசதி இருக்கிறது, சிஎஸ்வி கோப்பு கிடைக்கும். திறந்து பாருங்கள். படித்த தேதி என்று ஒரே ஒரு பத்திதான். மூன்று முறை படித்திருந்தாலும் ஒரு தேதிதான் கையில் வரும், தொடங்கிய தேதி வரவே வராது. ஆகவே வருடத்துக்கு இரண்டு முறை ஏற்றுமதி செய்யுங்கள். கோப்பைத் திறந்து தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். நேராக இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எக்ஸெலில் கட்டம் கட்டமாகக் குப்பை தெரியலாம். 'டேட்டா' பட்டியல் வழியாக உள்ளே கொண்டுவந்து, யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

இனி ஆட்சேபணைகள். "எண்ணிக்கை வெறி வாசிப்பைக் கெடுக்கும்" என்கிறார்கள். ஆண்டுக்கு நூறு என்று இலக்கு வைத்தால் கெடுக்கும்தான். இலக்கை எட்டுவதற்காக ஒல்லிப் புத்தகங்களாகத் தேடத் தோன்றும், பெரிய நாவலைத் தள்ளிப்போடச் சொல்லும். அது இலக்கின் கோளாறு. பட்டியல் யாரையும் நூறு படிக்கச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் மொத்தக் கூட்டல் எங்காவது இருந்ததா? இல்லை. பாதியில் நிறுத்திய புத்தகத்தை நிறுத்தினேன் என்றே எழுதியிருந்தார். பெருமைக்கு எழுதுகிறவர் அதை எழுதுவாரா?

"நல்ல புத்தகம் தானாக மனசில் நிற்கும், நிற்காதது போகட்டும்" என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். இந்த வாதம்தான் என்னை அதிகம் நோகச் செய்தது. நினைவில் நிற்பதும் புத்தகத்தின் தரமும் ஒன்றல்ல. காய்ச்சலில் படித்தது, பரீட்சைக்கு நடுவே படித்தது, அழுத மனத்தோடு படித்தது, இவையெல்லாம் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் நழுவிப் போகும். ஒரு மேற்கோள் எந்தப் புத்தகத்தில் வந்தது என்று தேடித் தேடிச் சலித்தவர்களைக் கேளுங்கள். பக்க எண்ணோடு ஒரு வரி எழுதியிருந்தால் அந்தத் தேடலே இல்லை. எப்போதும் புத்தகங்களுக்கு நடுவே வாழ்கிறவர்களுக்கு, எழுதுகிறவர்களுக்கு, பேசுகிறவர்களுக்கு, படித்தது திரும்பத் திரும்பப் பேச்சில் வந்து நிலைபெறும். வேலைக்குப் போய் வந்து, வீட்டு வேலை முடித்து, தினம் பத்துப் பக்கம் படிக்கிறவருக்குப் பேசவும் ஆள் இல்லை. அவருக்கு அந்த நோட்டுதான் துணை. அதையும் கேலி செய்தால் அவர் எங்கே போவார்?

"படமாக எடுத்துப் பொதுவில் போட்டது விளம்பரம்தானே" என்கிறார்கள். வாசகர் குழுவில் வாசிப்பைப் போடாமல் வேறு எதைப் போடுவது?

சொல்லிவிடுகிறேன், இந்தக் கேலியில் எனக்கு இன்னொரு கோபமும் கலந்திருக்கிறது. கணக்கு எதற்கு என்று கேட்கிறவர்களில் இரவல் வாங்கித் திருப்பாதவர்களும் இருக்கிறார்கள். "நானா? உங்களிடமா? ஞாபகமே இல்லையே!" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். கொடுத்தவர் வாயை மூடிக்கொள்வார், ஏனென்றால் தேதி எழுதி வைக்கவில்லை. கேட்டால் உறவு கெடும், கேட்காவிட்டால் புத்தகம் போகும். பதிப்பில் இல்லாத புத்தகமாக இருந்தால் அது ஆயுசுக்கும் ஆறாது.

அதனால் பட்டியலே வேண்டாம் என்கிறவர்களும் இரவல் பக்கம் ஒன்றாவது வையுங்கள். புத்தகம், வாங்கியவர், கொடுத்த நாள், திரும்பிய நாள் என்று நான்கு பத்திகள். கொடுக்கும்போதே, அவர் எதிரிலேயே எழுதுங்கள், அப்புறம் எழுதலாம் என்றால் எழுத மாட்டீர்கள். அட்டையைக் கைபேசியில் படம் எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள், தேதி தானாகப் பதிவாகிவிடும். அவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். மூன்று மாதம் ஆனால் "படித்துவிட்டீர்களா, எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். திருப்பிக் கொடு என்று கேட்பதைவிட அது சுலபம், பெரும்பாலும் புத்தகமும் வந்துவிடும்.

இதைப் படிக்கிற எல்லோரும் இன்றைக்கே உங்கள் அலமாரியைப் பாருங்கள். முதல் பக்கத்தில் வேறொருவர் பெயர் எழுதிய புத்தகம் இருந்தால், இந்த வாரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் கேட்க மாட்டார்.