சிங்கம் உறுமினால் யாரிடம் புகார் கொடுப்பது?

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்கு ரிசர்வைப் பார்க்கப் போன ஒருவர், தங்கிய கேம்பைத் திட்டி எழுதிய பதிவை எல்லாரும் படித்திருப்பீர்கள், பாதிப் பேர் எனக்கே அனுப்பியும் விட்டீர்கள். "தெரிந்தவர் ஒருவர் பேச்சைக் கேட்டுப் போய் ஏமாந்தோம்" என்று அதில் வருகிறதே, அந்தத் தெரிந்தவர் நான்தான். பேரைப் போடாமல் விட்ட பெருந்தன்மைக்கு நன்றி சார். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று என் தங்கையே "ஏன்க்கா அவங்களை அங்க அனுப்புன?" என்று கேட்டபிறகு முடியவில்லை.

புகார்கள் என்னென்ன? கேம்பைச் சுற்றி வேலி இல்லை. டென்டுக்குள் போன் இல்லை, ஒரு விசிலைக் கொடுத்து, அவசரமென்றால் ஊதச் சொன்னார்கள். குளிக்க, சொன்ன நேரத்துக்கு ஒருவர் வெந்நீர் கொண்டுவந்து மேலே தொங்கும் பையில் ஊற்றினார். இருட்டியபிறகு சாப்பிடப் போகவும் வரவும் ஓர் ஆள் டார்ச்சோடு கூடவே வந்தார், "ஜெயில் கைதி மாதிரி". ராத்திரி முழுக்கச் சிங்கச் சத்தம். "இவ்வளவு டாலர் வாங்குகிறவர்கள் ஒரு வேலி போடக்கூடாதா?"

அந்த வேலி இல்லாமல் இருப்பதற்குத்தான் சார் அவ்வளவு டாலர்.

நீங்கள் தங்கியது ரிசர்வுக்குள் இல்லை. அதற்கு வெளியே, நபோய்ஷோ கன்சர்வன்சியில், அதாவது நிலத்துக்காரர்களே சேர்ந்து காட்டு விலங்குகளுக்காக விட்டுவைத்த இடத்தில். சுமார் 50,000 ஏக்கர், மாடு மேய்க்கும் மசாய் இனத்தவர் 500க்கும் மேற்பட்டவர்களின் சொந்த நிலம். ஒரு காலத்தில் எல்லாருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலமாக இருந்து, அப்புறம் ஆளாளுக்குப் பட்டா போட்டுப் பிரித்த இடம். பிரித்துவிட்டால் என்ன நடக்கும்? கம்பி வேலி போடலாம், விற்கலாம், வடக்கே சிலர் செய்ததுபோல் கோதுமை விதைக்கலாம். அப்படிச் செய்யாமல், 2010இல் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். கேம்ப் நடத்துகிறவர்கள் மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும், விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும். பதிலுக்கு வேலி கிடையாது, மாடுகளை முறை வைத்துத்தான் மேய்ப்பார்கள். கொரோனா வந்த 2020இல் டென்டுகளெல்லாம் காலியாகி, மாராவில் பல இடங்களில் அந்த வாடகையைக் குறைக்க வேண்டி வந்தது. உங்கள் பில்லில் ஒரு பங்கு போவது அங்கேதான். மெத்தைக்கு மட்டும் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வேலி அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பார்கள். பக்கத்து லொய்த்தா சமவெளியிலிருந்து வருஷா வருஷம் மாராவுக்கு வந்து போகிற வில்டபீஸ்ட் மான்களுக்கு வழியிலே வேலி வந்தால் வழி இல்லை, அவ்வளவுதான். ஜோசப் ஒகுட்டு குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வுப்படி, 1977க்கும் 2016க்கும் நடுவில் கென்யாவில் காட்டு விலங்குகள் சராசரியாக 68 சதவீதம் குறைந்துவிட்டன. வேட்டைக்குத் தடை வந்ததும் அதே 1977இல்தான், அதையும் மீறித்தான் இவ்வளவு சரிவு. சரி, நீங்கள் வேலி கேளுங்கள்.

நானும் ஒன்றும் வீராங்கனை இல்லை. முதல் ராத்திரி அந்தச் சத்தம் கேட்டபோது படுக்கையில் வைத்திருந்த வெந்நீர்ப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வீட்டுக்காரரை எழுப்பி, ஜிப் சரியாகப் போட்டிருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கச் சொன்னேன். அவர் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. விடிந்ததும் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்தவர் சாதாரணமாகச் சொன்னார், சிங்கம் ரொம்ப தூரத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று. உறுமல் எட்டு கிலோமீட்டர் வரைக்கும் கேட்குமாம். டென்டை மிருகங்கள் ஒரு பாறைபோல, ஒரே பொருளாகத்தான் பார்க்கும், நீங்கள் உள்ளே இருக்கிறவரை பயமில்லை, ஆனால் இருட்டில் தனியாக நடந்தால் நீர்யானை மேய்கிற பாதையில் போய் நிற்பீர்கள் என்றார். அந்த டார்ச் ஆள் எதற்கு என்று அப்போதே புரிந்துவிட்டது. அப்படிப்பட்ட காவல் ஆளை அங்கே அஸ்காரி என்பார்கள். உங்களைக் கைதியாக வைக்க அவருக்கு என்ன தலையெழுத்து?

"நீ பணக்காரி, உனக்கு எல்லாம் ரசனை" என்று ஒரு கமென்ட். இருக்கட்டும். வருஷக்கணக்காகச் சீட்டுக் கட்டிப் போனேன், அந்தக் கணக்கை இங்கே எழுத வேண்டிய அவசியம் எனக்கில்லை. "மசாய்க்காரனின் மண்ணில் வெள்ளைக்காரன் கேம்ப் போட்டு, அவனையே தட்டு தூக்க வைக்கிறான்" என்று இன்னொருவர். இதை லேசாகத் தள்ள மாட்டேன். 2022 ஜூனில் எல்லைக்கு அந்தப் பக்கம், தான்சானியாவின் லொலியோண்டோவில், மசாய் மக்களை மேய்ச்சல் நிலத்திலிருந்து போலீஸை வைத்து அரசாங்கம் அப்புறப்படுத்தியது. வேட்டைக்கும் சுற்றுலாவுக்குமாக. அது அநியாயம். ஆனால் இங்கே நிலம் அவர்கள் பேரில் இருக்கிறது, வாடகை அவர்கள் கைக்குப் போகிறது, போதுமா போதாதா என்று அவர்கள் சண்டை போடட்டும், நியாயம். அதை ஏசி இல்லை என்று அழுகிற பதிவின் கீழே வந்து எழுதாதீர்கள்.

இத்தனையும்கூட எனக்குப் பெரிதில்லை சார். உங்கள் பதிவின் கடைசிப் பத்தி இருக்கிறதே, அதுதான் ராத்திரி தூங்கவிடவில்லை. குட்டிகளோடு சிங்கம் படுத்திருந்ததாம், ஐந்து வண்டி ஏற்கெனவே நின்றதாம், கைடு தள்ளியே நிறுத்திக் காத்திருக்கச் சொன்னாராம். ஒரு சிங்கத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் கூடாது என்பது அங்கே விதி. நீங்கள் காசை நீட்டினீர்கள், அவர் வாங்கவில்லை. உடனே "நல்லா நாலு வார்த்தை கேட்டேன்" என்று பெருமையாக எழுதி, பிள்ளைகள் முன்னால் கத்தியதையும் எழுதி, சிரிப்புப் பொம்மை வேறு போட்டிருக்கிறீர்கள். அதற்கு முந்நூறு லைக்.

அவர்தான் எங்களுக்கும் கைடு. போட்டோவைப் பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன். பறவை, புல், சாணம் என்று எல்லாவற்றையும் படித்து, கைடுகள் சங்கம் வைக்கிற பரீட்சையில் பாஸாகி, சில்வர் பேட்ஜ் குத்திக்கொண்டு நிற்கிறவர். என் அம்மாவுக்கு மூட்டுவலி என்று தெரிந்து, ஒவ்வொரு தடவையும் வண்டியிலிருந்து முதலில் இறங்கி வந்து கை கொடுத்தவர். லஞ்சம் வாங்காத ஓர் ஆளைப் பார்த்து நமக்குக் கோபம் வருகிறது என்றால் நம் பழக்கம் எப்படிப்பட்டது? ஊரில் டிரைவரிடம், வாட்ச்மேனிடம், கொரியர் பையனிடம் பேசுகிற அதே வாயை விமானத்தில் ஏற்றி அங்கேயும் கொண்டுபோய்விட்டோம். இந்த நாலு வார்த்தையை உங்கள் மேனேஜரிடம் கேட்டிருக்கிறீர்களா?

"உனக்கு ஏன் இவ்வளவு கோபம், கமிஷன் வாங்கினாயா?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். வாங்கவில்லை. ஒரு ரூபாய்கூட இல்லை.

அப்புறம், இன்பாக்ஸில் கேம்ப் பேர் கேட்கிறவர்களுக்கு: இனிமேல் சொல்வதாக இல்லை. வேலியும் நீச்சல்குளமும் ஏசியும் வேண்டுமென்றால் நைரோபியில் நல்ல ஹோட்டல்கள் இருக்கின்றன, அங்கே தாராளமாகப் போங்கள். சார், நீங்கள் டிப்ஸ் வைக்காமல் வந்ததையும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கைடின் நம்பர் என்னிடம் இருக்கிறது, எம்பெசாவில் (அங்கே போன் வழியாகப் பணம் அனுப்புகிற வசதி) அனுப்பலாம். கேட்டால் தருகிறேன்.