புதுப்பித்த ஷாத்தோ வாங்குகிறவர்கள் முதலில் சுவரைத் தட்டிப் பாருங்கள்

பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் ஷாத்தோ எனப்படும் பழைய மாளிகை ஒன்று விற்பனைக்கு வந்தால், விளம்பரப் படங்களில் பளபளப்பது சமையலறையும் குளியலறையும் நீச்சல் குளமும்தான். ஆனால் விலைக்குத் தகுமா என்று சொல்வது கூரையும் சுவரும். தவறாகப் புதுப்பித்த மாளிகையைவிட, நாற்பது வருடம் யாரும் கைவைக்காத மாளிகை எவ்வளவோ மேல். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரணம் சிமெண்ட்.

சோமூர், தூரேன் பக்கத்து மாளிகைகள் பெரும்பாலும் துஃபோ என்ற வெண்ணிறச் சுண்ணாம்புக் கல்லால் எழுப்பியவை. கைரம்பத்தால் அறுக்கக்கூடிய அளவுக்கு மென்மையான கல். அதன் கன அளவில் ஏறக்குறைய பாதி நுண்துளைகள். தரையிலிருந்து ஓதம் ஏறும், சுண்ணாம்புச் சாந்து வைத்த மூட்டுகள் வழியே காய்ந்து வெளியேறும். நூற்றாண்டுகளாக அந்தச் சுவர்கள் நின்றது இப்படித்தான். மூட்டில் சிமெண்டை அடைத்தால் ஈரத்துக்குக் கல்லைத் தவிர வேறு வழியில்லை. கல்லின் முகத்துக்குப் பின்னால் உப்பு படிகமாகி, பொருக்குப் பொருக்காக உதிரும். சில குளிர்காலங்கள் கழிந்ததும் மூட்டு புடைத்து நிற்கும், கல் உள்வாங்கியிருக்கும். உள்ளே ஜிப்சம் பலகை அடித்து மறைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். வெளிச்சுவரில் உள்ள ஒரு மின்செருகுவாயைக் கழற்றிப் பின்னால் பார்க்க அனுமதி கேளுங்கள்.

சரிசெய்ய, சிமெண்டைக் கை உளியால் பொறுமையாகச் செதுக்கி எடுக்க வேண்டும். இயந்திர வெட்டு கல்லின் விளிம்பை உடைத்துவிடும். பிறகு மென்மையான நீரியல் சுண்ணாம்பு (தண்ணீர் பட்டு இறுகும் வகை), அதாவது என்.எச்.எல். 2. எண் கூடக்கூடக் கடினமும் கூடும். சுண்ணாம்புதானே என்று என்.எச்.எல். 5 போட்டால், துஃபோவுக்கு அதுவும் கடினம்.

கூரையில் சிலேட்டு. ஆன்ஜே அருகே த்ரெலாசே சுரங்கங்கள் 2013இல் மூடப்பட்டதால், இப்போது பெரும்பாலும் ஸ்பெயின் சிலேட்டுதான் வருகிறது. தரம் குறைந்ததில் இரும்புக் கந்தகத் துகள் இருக்கும். துருக்கோடு ஒழுகி, கடைசியில் சிலேட்டிலேயே ஓட்டை விழும். இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்துக்கு நேர்கீழே, உத்தரம் சுவருக்குள் புகும் முனையில், கூர்மையான ஊசியால் குத்திப் பாருங்கள். உளுப்பு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். மர ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால், மெருல் என்ற பூஞ்சை வருவதற்கான வாசல் திறந்துவிட்டது என்று பொருள்.

காகிதம். புதுப்பித்த வேலைகளுக்கான ரசீதுகளையும், அந்தந்த வேலையாளின் பத்தாண்டு உத்தரவாதக் காப்பீட்டுச் சான்றையும் கேளுங்கள். வேலை ஒப்படைத்த நாளிலிருந்து 10 ஆண்டு. வீடு கைமாறினாலும் உத்தரவாதம் வாங்குபவருக்கு வரும். ரசீது இல்லாத 'முழுப் புதுப்பிப்பு'க்கு நான் ஒரு யூரோகூடக் கூடுதலாகத் தரச் சொல்லமாட்டேன். 1949க்கு முந்தைய வீட்டுக்கு, வண்ணப்பூச்சில் ஈயம் உள்ளதா என்ற பரிசோதனை கட்டாயம். பொதுச் சாக்கடை இல்லாத கிராமத்தில் கழிவுத்தொட்டி அறிக்கை 3 ஆண்டுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். குறை இருந்தால், வாங்கிய ஓராண்டுக்குள் சரிசெய்யும் பொறுப்பு உங்கள் தலையில்.

முன்னொப்பந்தத்துக்குப் பிறகு, மனம் மாற 10 நாள் அவகாசம் உண்டு. ஆனால் எஸ்.சி.ஐ. என்ற குடும்ப நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் அந்த உரிமை பெரும்பாலும் கிடைக்காது. நொத்தேர் (பத்திரப் பதிவு செய்யும் சட்ட அதிகாரி) செலவு, பதிவு வரி எல்லாம் சேர்த்து விலையில் 7 முதல் 8 சதவீதத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். விளைநிலமும் சேர்ந்திருந்தால், நில விற்பனையைக் கவனிக்கும் சாஃபேர் அமைப்புக்கு அதை முதலில் வாங்கும் உரிமை உண்டு. அதன் பதிலுக்கு 2 மாதம் போகும்.

வரலாற்றுச் சின்னமாக வகைப்படுத்திய கட்டடமானால், கைவைக்கும் முன் அரசின் அனுமதி வேண்டும். பலரும் இதைத் தொல்லை என்கிறார்கள். எனக்கு அது நல்ல அடையாளம்: கடந்த வேலைகளுக்குக் கோப்பு இருக்கும், சிமெண்ட் பூசியிருக்க வாய்ப்பு குறைவு.

பார்க்கப் போவதானால் ஜூன் மாத வெயிலில் போகாதீர்கள். பிப்ரவரியில், இரண்டு நாள் மழை பெய்த மறுநாள் காலை போங்கள். முதலில் நிலவறை, பிறகு கூரையடி, வரவேற்பறை கடைசியில்.